ஐந்தாம் சக்கரத்து வீடும் மஞ்சள் சீட்டும்: ஓர் ஆய்வு

இந்த ஆய்வின் எல்லை சுமார் 50 அடி. பிக்கப் டிரக்கின் முன் பம்பரில் தொடங்கி, அதன் முதுகில் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு வரும் வீட்டின் பின் ஏணியில் முடிகிறது. களம் அமெரிக்கா. காலம், பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடக்கும் கோடை. அப்பா, அம்மா, இரு பிள்ளைகள், ஒரு நாய் அடங்கிய குடும்பம் தன் முதல் ஃபிஃப்த் வீல் கேம்பரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே ஆய்வுப்பொருள். உண்மையில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது கையறுநிலைத் துறைக்குரியது, ஆகவே விலக்கப்பட்டது. இடையில் அது தானாக நுழைந்தால் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள்க.

ஃபிஃப்த் வீல் இன்னதென்று அறியாதவர்கள் நம்மூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரியைப் பார்த்தால் போதும். முன்னே தலை, பின்னே உடல், நடுவே ஒரு தட்டு. உடலின் அடியிலிருந்து இறங்கும் இரண்டு அங்குல எஃகு முளை அந்தத் தட்டில் பூட்டிக்கொண்டு சுழலும். லாரித் தலைக்குப் பதில் பிக்கப் டிரக், கன்டெய்னருக்குப் பதில் படுக்கையறையும் அடுப்படியும் கழிவறையும் உள்ள வீடு, அவ்வளவுதான். சாதாரண இழுவை வீடு டிரக்கின் பின்பம்பருக்கு அடியில் தொங்கும். இதுவோ பின் அச்சின் மேலேயே அமர்வதால் பக்கக்காற்றில் வாலாட்டுவது குறைவு. ஆனால் டிரக்கின் பின்தொட்டியை முழுக்க இதற்கே எழுதிவைத்துவிட வேண்டும். சைக்கிள்களை எங்கே ஏற்றுவது என்ற கேள்வி வீட்டில் எழும். அதற்கு இதுவரை சமாதானமான விடை கிடையாது.

முன்னோர் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். குதிரை வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கைவாட்டில் ஒரு வளையம் வைப்பார்கள். நான்கு சக்கரங்கள் தரையில் உருள, இது ஐந்தாவதாக வானம் பார்த்துப் படுத்திருக்கும். அதுவே குலமுதல்வன். 1920களின் கடைசியில் விமான முன்னோடி கிளென் கர்டிஸ், ஃபுளோரிடாவின் ஒபா-லாக்காவில் ஏரோகார் என்ற இழுவை வீட்டை உருவாக்கினார். மரச்சட்டமும் இழுகம்பியுமாக, விமானம் கட்டிய பழக்கத்திலேயே கட்டினார்; அதிர்வு தெரியாதிருக்க இணைப்பில் ஒரு விமான டயரைப் படுக்கவைத்தார். எடையைக் குறைத்தால்தான் பறக்கலாம் என்று தெரிந்த கை அது. பின்னால் வந்தவர்களுக்குப் பறக்கும் உத்தேசம் இல்லாததால், மின்கணப்பையும் தீவுமேடைச் சமையலறையையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

இன்று இவற்றில் பெரும்பாலானவை பிறப்பது இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில். அங்குள்ள ஆலைத் தொழிலாளர்களில் ஆமிஷ் சமயத்தார் கணிசமாக உண்டு. கார் வைத்துக்கொள்வது அவர்களுடைய சமய வழக்கத்துக்கு ஆகாது. இரண்டு குளிர்சாதனங்களும் மூன்று தொலைக்காட்சிகளும் உள்ள வீட்டைப் பூட்டி அனுப்பிவிட்டு, சிலர் சைக்கிளிலும் சிலர் குதிரை வண்டியிலும் வீடு திரும்புகிறார்கள். அந்தக் குதிரை வண்டியின் முன் அச்சில் மேற்படி வளையம் இன்னும் படுத்திருக்கிறது.

இனி ஆதாரங்கள். ஆய்வேட்டு மரபுப்படி இவை முதன்மை, துணைமை என இருவகைப்படும். துணைமை ஆதாரங்களாவன: விற்பனையாளர் தரும் வழவழப்பான கையேடு, விற்பனையாளரின் வாய்மொழி, ஏற்கெனவே வாங்கிவிட்ட மைத்துனரின் அறிவுரை. மூன்றிலும் இடைச்செருகல்கள் மிகுதி. கையேட்டில் ‘உலர் எடை’ என்றோர் எண் பெரிதாக அச்சாகியிருக்கும். ஒரு கரண்டிகூட ஏற்றாத, ஒரு சொட்டுத் தண்ணீர் நிரப்பாத வீட்டின் எடை அது. அந்த நிலையில் அதில் எந்தக் குடும்பமும் விடுமுறைக்குப் போனதில்லை. கணக்கில் கொள்ளத்தக்கது, சாமான் எல்லாம் ஏற்றியபின் வீடு தாங்கக்கூடிய மொத்த எடை வரம்பு. அந்த எண் வீட்டின் வெளிச்சுவரில், இடது முன்பக்கம், ஒருவரும் குனிந்து பார்க்காத உயரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

முதன்மை ஆதாரம் ஒன்றே ஒன்று. அது டிரக் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சளும் வெள்ளையுமான சீட்டு. ஆட்களும் சரக்குமாகச் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அது சொல்கிறது. பவுண்டுக் கணக்கும் பக்கத்திலேயே உண்டு. இந்தச் சாசனத்தைப் படிக்க அகழ்வாய்வு வேண்டாம், லிபியறிவு வேண்டாம். கதவைத் திறக்க வேண்டும். ஆனாலும் வாங்குவோர் பலர் அதைப் படிப்பது வாங்கிய பிறகுதான்.

அவர்களைத் திசைதிருப்புவது விளம்பரத்தின் இன்னொரு எண்: இழுக்கும் திறன். இக்காலத்து ‘ஹாஃப் டன்’ வகுப்பு டிரக்குகளில் சில, தக்க எஞ்சினும் தக்க பொருத்தங்களும் இருந்தால் ஐந்தாயிரம் கிலோவுக்கு மேல் இழுக்கும். பொய்யில்லை. ஆனால் ஃபிஃப்த் வீல் இழுக்கப்படுவதோடு நிற்பதில்லை, சுமக்கவும் படுகிறது. தன் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை முளை வழியாக டிரக்கின் முதுகில் இறக்கிவைக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹாஃப் டன் டிரக்கின் சீட்டில் 770 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பமும் நாயும் 250 கிலோ. இணைப்புத் தட்டுக்கு 80. மிச்சம் 440. முளை எடை ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், இந்த டிரக்குக்கு ஏற்ற வீட்டின் எடை சாமான்களோடு 2,200 கிலோ. குடும்பம் மனம் பறிகொடுத்துவிட்ட, அடுக்குக் கட்டில் அறை உள்ள வீட்டின் வரம்போ 4,500 கிலோ. அதன் முளை எடை மட்டுமே 900. அதாவது ஒருவரும் ஏறாத டிரக்கைக்கூட அது அமுக்கிவிடும். ‘ஹாஃப் டன் டிரக்கே இழுக்கும்’ என்று வீட்டின் நெற்றியில் ஒட்டியிருக்கும் வாசகம் மூலபாடத்தில் இல்லாதது என்பது இதனால் பெறப்படும்.

பூர்வபட்சம் ஒன்று உண்டு: ‘அப்படியானால் அடுத்த அளவு டிரக்கை டீசல் எஞ்சினோடு வாங்கினால் ஆயிற்று.’ ஆகாது. டீசல் எஞ்சின் கனமானது. அதே டிரக்கில் டீசலைப் போட்டால் இழுக்கும் திறன் ஏறும், மஞ்சள் சீட்டின் எண் இறங்கும். குடும்பத்துக்கேற்ற ஃபிஃப்த் வீலைப் பெரும்பாலும் அதற்கும் பெரிய ‘ஒன் டன்’ டிரக்தான் தாங்கும். வீடு பெரிதானால் பின் அச்சில் நான்கு டயர்கள் உருளும் வகைக்குப் போக வேண்டும். ஆகவே வரிசை இது: முதலில் டிரக், பிறகு வீடு. டிரக் ஏற்கெனவே வாசலில் நின்றால் வீட்டைத் தேர்ந்தெடுப்பது குடும்பம் அல்ல, அந்தச் சீட்டு. சிறிய டிரக்கை விட மனமில்லாதவர்களுக்கு விதிவிலக்காக, மினசோட்டாவின் பேக்கஸ் ஊரில் ஸ்கேம்ப் நிறுவனம் 19 அடியில் கண்ணாடியிழை ஃபிஃப்த் வீல் ஒன்றைச் செய்கிறது. முட்டை வடிவம், மிக இலகு. இரண்டு பிள்ளைகளும் வளராமல் இருந்தால் உத்தமம்.

எடை குறித்த இலக்கியச் சான்று திரையுலகில் கிடைக்கிறது. 1954இல் வின்சென்ட் மினெல்லி இயக்கிய ‘தி லாங், லாங் டிரெய்லர்’ படத்தில் லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் புதுமணத் தம்பதி. அவர்களுடையது 36 அடி நீள ‘நியூ மூன்’ வீடு. ஃபிஃப்த் வீல் அல்ல, வாலில் தொங்கும் வகை. மனைவி போன இடமெல்லாம் நினைவுக்கென்று கற்களைப் பொறுக்கி உள்ளே சேர்க்கிறாள். ஊறவைத்த பழப் புட்டிகளும் பெருகுகின்றன. மலையேற்றம் வருகிறது, கணவன் எல்லாவற்றையும் எறியச் சொல்கிறான், அவள் ஒளித்துவைக்கிறாள். எழுபதாண்டு கடந்தும் இந்தப் படத்தைவிடத் தெளிவான பாடநூல் இத்துறைக்கு வரவில்லை. அலமாரிகள் கூடக்கூடக் கற்கள் கூடும் என்பது இன்றைய பெரிய வீடுகளுக்கும் பொருந்தும்.

இனி அகம், புறம் என்ற பாகுபாடு. அகமாவது உள்ளே இருப்பது: சோபா, அடுப்பு, யார் எங்கே படுப்பது. முன்மூக்கு டிரக்கின் மேல் ஏறியிருப்பதால் பெற்றோரின் படுக்கையறை மூன்று நான்கு படி ஏறினால் வரும். சில வீடுகளில் அங்கே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். பிள்ளைகள் அறை எதிர்க்கோடியில். இந்த ஏற்பாட்டின் அருமை மழை நாளில்தான் விளங்கும். பக்கச்சுவர்கள் வெளியே நகர்ந்து கூடத்தை அகலமாக்கும் ‘ஸ்லைடு’களைக் கண்டுதான் எல்லாரும் மயங்குவது. விற்பனைக் கூடத்தில் அவை எப்போதும் விரிந்தே இருக்கும். ஆய்வாளர் செய்ய வேண்டியது அவற்றை மூடச் சொல்வது. மூடியபின் கழிவறைக் கதவு திறக்கிறதா? குளிர்பெட்டிக்குக் கை எட்டுகிறதா? நெடுஞ்சாலை ஓரத்தில், பின்னிருக்கைப் பிள்ளை அவசரம் என்று சொல்லும்போது, வேறெந்த வசதியும் கணக்கில் வராது.

மின்சாரத்தில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என இரு சாதி. முன்னது 3,600 வாட், பின்னது இரட்டைக் கம்பி என்பதால் 12,000 வாட். இரண்டு குளிர்சாதனங்களைச் சேர்த்து ஓட்ட நினைப்பவர் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

சைவ சித்தாந்திகள் கண்ட மும்மலம் வேறு; இங்கே மலம் ஒன்று, தொட்டி மூன்று. நன்னீர்த் தொட்டி, குளித்த நீருக்குச் சாம்பல் தொட்டி, கழிவறைக்குக் கறுப்புத் தொட்டி. நன்னீர் 200 லிட்டர் நிரப்பினால் 200 கிலோ எடை ஏறுகிறது என்பதைக் கையேடு நினைவூட்டாது. கறுப்புத் தொட்டியில் புதியவர் செய்யும் பிழை, முகாமில் குழாயை மாட்டியவுடன் அதன் வால்வைத் திறந்தே விட்டுவிடுவது. நீர் ஓடிவிடும், மற்றது தங்கும், நாளடைவில் இறுகிக் கூம்பாக எழும். அனுபவசாலிகள் இதைப் பிரமிடு என்றே அழைக்கிறார்கள். எகிப்தியப் பிரமிடுகளைப் போலவே இதையும் கரைப்பது கடினம். தொட்டி பெருமளவு நிறையும்வரை மூடிவைத்து, முதலில் கறுப்பையும் பிறகு சாம்பலையும் திறந்தால் குழாயும் கழுவிக்கொள்ளும்.

புறமாவது பாலமும் சாலையும் சட்டமும். ஃபிஃப்த் வீல் பல 13 அடி உயரத்தைத் தொடும். உச்சி, கூரைமேல் இருக்கும் குளிர்சாதனப் பெட்டி. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம் இருந்தது. லாரிகளின் கூரைகளை அது உரித்த காட்சிகள் உலகப் புகழ் பெற்றன. 2019இல் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். உரிப்பது அதன் பிறகும் நிற்கவில்லை. மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், மலையைக் குடைந்து ஏறும் ‘கோயிங்-டு-தி-சன்’ சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான அல்லது 8 அடிக்கு மேல் அகலமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தேசியப் பூங்கா முகாம்கள் பல 1930களில் வேலையில்லா இளைஞர் படை கட்டியவை. அவர்கள் மனதில் இருந்தது கூடாரம். ஆகவே பூங்காக்களுக்காக வாங்குபவர் 40 அடி வீட்டைப் பார்க்கும் முன், போக நினைக்கும் முகாமின் நீள வரம்பைப் பார்ப்பது நலம். மாறாக யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில், கரடி நடமாட்டத்தால் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே இடம். அங்கே ஃபிஃப்த் வீல் குடும்பம் தலைநிமிர்ந்து நிற்கலாம், படுக்கையறையில் முடியாவிட்டாலும்.

சட்டத்தில் சுவையானது கலிஃபோர்னியா. ஃபிஃப்த் வீலின் எடை வரம்பு 15,000 பவுண்டைத் தாண்டினால், வாடகைக்கு ஓட்டாத வீட்டுக்காரரும் ‘ஏ’ வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும். அதே மாநிலத்தில், ஓடும் ஃபிஃப்த் வீலின் உள்ளே ஆட்கள் பயணிக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடியும், ஓட்டுநருக்குச் சைகை கொடுக்கும் கருவியும், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கும் கதவும் இருந்தால் போதும். பிள்ளைகளை 35 அடிக்கு அப்பால் அனுப்பிவிடும் இந்தச் சலுகையின் கவர்ச்சியை ஆய்வாளர் மறுக்கவில்லை. இருக்கைப்பட்டை இல்லாத சோபாவில் அவர்கள் உருளுவார்கள் என்பதால் பரிந்துரைக்கவும் இல்லை.

பின்தொட்டி குட்டையான டிரக் வைத்திருப்போர் நகரும் வகை இணைப்புத் தட்டை வாங்க வேண்டும். இல்லையேல் முதல் கூர்த்திருப்பத்தில் வீட்டின் மூக்கு டிரக்கின் பின்கண்ணாடியை விசாரிக்கும்.

இறுதிச் சோதனைக்கு நெடுஞ்சாலையோர எடைமேடை போதும். லாரிகளுக்கென்று அமைந்த கேட் ஸ்கேல் மேடைகள் நாடெங்கும் உண்டு. தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, நாய் உட்பட எல்லாரும் உட்கார்ந்தபடி ஒரு முறை எடை. வீட்டைக் கழற்றிவிட்டு, யாரும் இறங்காமல், டிரக்கை மட்டும் மறுமுறை. இரண்டு முறையும் டிரக்கின் அச்சுகளில் விழுந்த எடைக்கு உள்ள வித்தியாசமே உண்மையான முளை எடை. அதோடு ஆட்களின் எடையையும் இணைப்புத் தட்டின் எடையையும் கூட்டிக் கதவுச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். எண் கூடுதலாக வந்தால் எதை இறக்குவது என்ற விவாதம் எடைமேடையிலேயே தொடங்கிவிடும். பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். அப்பாவின் கருவிப்பெட்டி, அம்மாவின் வார்ப்பிரும்புச் சட்டி, பிள்ளைகளின் காற்றுப் படகு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை என்று தனித்தனியே நிறுவப்படும். நாயின் பெயரை யாரோ மெதுவாகச் சொல்வார்கள். அது தீர்மானமின்றி ஒத்திவைக்கப்படும்.