செடிக்குத் தண்ணீர் ஊற்றிய ஈசிஜி

லிங்கராஜபுரத்துக்கு மேம்பாலம் வராத காலம். அங்கே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் ஈசிஜி டெக்னீஷியன். ஆளைப் படுக்கவைத்து, கை கால்களில் பட்டை மாட்டி, மார்பில் ஜெல்லி தடவி ரப்பர் குமிழ்களைப் பதித்து ஸ்விட்சைப் போட்டால், சூடான ஊசி பட்டையாக ஒரு கோடு இழுக்கும். இதயம் தருவது ஒரு மில்லிவோல்ட். சுவருக்குள் ஓடுவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். காகிதம் நொடிக்கு 25 மில்லிமீட்டர்தான் நகரும். மில்லிமீட்டருக்கு இரண்டு அலை முண்டியடித்தால் கோடு தடிக்காமல் என்ன செய்யும்?

உடனே சடங்கு தொடங்கும். ட்யூப்லைட்டை அணை, ஃபேனை நிறுத்து, இரும்புக் கட்டிலில் படாமல் காலை நகர்த்து. எதற்கும் மசியாவிட்டால் ஆயாம்மா குடத்தோடு கொல்லைக்குப் போவார். கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும்; தண்ணீர் பட்டதும் கோடு இளைக்கும். ஜன்னல் வழியே பார்த்த பெரியவர் ஒருவர், "நெஞ்சு வலி எனக்கு, செடிக்கு ஏம்மா தண்ணி ஊத்துறீங்க?" என்றார்.

பிறகு செல்போன் வந்தது, கூடவே பயமும். 1997-ல் பிரிட்டனில் ஒரு மீட்டர் தூரத்தில் வைத்துச் சோதித்ததில் நூற்றுக்கு நாலு கருவிகள் தடுமாறின. 'செல்போனை அணைக்கவும்' போர்டுகள் முளைத்தன. 2007-ல் மேயோ கிளினிக் 300 தடவை சோதித்தது; சிகிச்சையைப் பாதிக்கும் தடுமாற்றம் ஒன்றுகூட இல்லை. போர்டு மட்டும் இன்னும் தொங்குகிறது. அதன் கீழே நின்றுதான் டியூட்டி டாக்டர் ஈசிஜியைப் படமெடுத்துப் பெரிய டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்.

இப்போது எல்இடி விளக்கு, யுபிஎஸ், லிஃப்ட் மோட்டார் என்று இரைச்சல் கிளப்ப ஆள் கூடியிருக்கிறது. எர்த் குழி மேல் பைக் நிற்கிறது. ஆனாலும் கோடு முத்து முத்தாக வருகிறது. உபயம், ஃபில்டர். அதை 40 ஹெர்ட்ஸில் வைத்தால் இரைச்சலோடு இதயத் துடிப்பின் கூரான முனைகளையும் கொஞ்சம் மழித்துவிடும். எர்த் கெட்டிருப்பதை அன்று காகிதம் காட்டிக்கொடுத்தது. இன்று மெஷின் மறைத்துக்கொடுக்கிறது.

டெக்னீஷியன் தம்பிகளே, காகிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஃபில்டர் எண் இருக்கும். பெரியவர்களுக்கு 150 இருக்க வேண்டிய இடத்தில் 40 இருந்தால், மாற்றிவிட்டு இன்னொரு முறை எடுங்கள். கோடு தடித்தால் ஒயரையும் ஒட்டியதையும் பாருங்கள். அவை சரியென்றால், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.