விசிறி வாங்கப் போற மருமவனுக்கு

மருமவனே, நீ படகு வாங்கின சேதி கோபர்கைரனே முழுக்கப் பரவிப் போச்சு. தீன் டாக்கிப் பக்கம் காய்கறி வாங்கப் போன உன் அத்தைகிட்ட இட்லிக்கடைக்காரர், "உங்க மருமகன் கப்பல் வாங்கிட்டாராமே?"ன்னு விசாரிச்சாராம். பதினாலு அடி ஃபைபர் படகும் பழைய 9.9 குதிரைசக்தி மோட்டாரும் நம்ம வீட்டைப் பொறுத்தவரைக்கும் கப்பல்தான். பங்கு நாலு பேருக்குங்கிறதால உனக்குக் கால் கப்பல்.

இப்ப அந்த மோட்டாரோட அடியில தண்ணியைத் தள்ளுற விசிறியை மாத்தப் போறியாம். புதுசோட போட்டோ அனுப்பியிருந்தே, பார்த்தேன். பளபளன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மூணு இலை, 12 பிட்ச். சீர்வரிசைத் தட்டுல வச்சா ஊரே பாராட்டும். தண்ணியில விடத்தான் எனக்கு மனசு வரல.

தேர்ந்தெடுத்தது யாருன்னு கேட்டா, ஆபீஸ்ல ஒருத்தர், கோவாவுல ஸ்பீட்போட் ஓட்டினவருங்கிறே. நல்லது. அவரு படகுல எத்தனை பேரு, என்ன பாரம்னு கேட்டியா? உன் படகுல நாலு பங்காளி, ஐஸ் பெட்டி, பெட்ரோல் டாங்க், பிரியாணி அண்டா. பங்காளிகள்ல ஒருத்தரை எடை போட்டா ரெண்டு பேருன்னுதான் எழுதணும். பேரு சொல்லமாட்டேன், நம்ம குடும்பந்தான்.

புன்னக்காயல்ல வள்ளம் தள்ளின கையி இது, இங்கிலீஷ் புஸ்தகம் படிக்காது. ஆனா விசிறியில குத்தியிருக்கிற நம்பர் படிக்கும். 9¼ × 9ன்னு இருந்தா முதலாவது குறுக்களவு, அங்குலத்துல. ரெண்டாவது பிட்ச். தண்ணி கெட்டியா இருந்தா ஒரு சுத்துக்கு விசிறி எத்தனை அங்குலம் முன்னால ஏறும்ங்கிற கணக்கு அது. மோட்டார் நிமிஷத்துக்கு 5,500 சுத்து சுத்துது, கியர் அதைப் பாதியாக்குதுன்னு வச்சுக்கோ. 9 பிட்ச்சுக்கு மணிக்கு 38 கிலோமீட்டர் வருது. உன் 12 பிட்ச்சுக்கு 50. கால்குலேட்டர்ல தட்டிப் பாரு, சரியா வரும். வாஷி பாலத்துக்கு அடியிலயே போயி மேல போற காரை முந்திரலாம், காகிதத்துல.

தண்ணி கெட்டியில்ல, வழுக்கும். அது போகட்டும், பெரிய வில்லங்கம் வேற. பாரம் ஏத்தின படகுல 12 பிட்ச்சை மாட்டினா அந்த 5,500 சுத்தே வராது. ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு டாப் கியர்ல பார்சிக் மலை ஏறுற ஸ்கூட்டரைப் பார்த்திருக்கியா? அதே முக்கல்தான். கைப்பிடியை முழுசாத் திருகுவே, மோட்டார் நாலாயிரத்துல நின்னு புகையும். உள்ள சூடேறும், பிஸ்டன் அடிவாங்கும். நீ என்னடான்னா, "ஸ்டீல் விசிறி போட்டும் இழுக்கல, மோட்டார் சரியில்ல"ன்னு அடுத்த மோட்டாருக்கு விலை கேட்பே. உன் குணம் எனக்குத் தெரியாதா?

இதுக்கு ஜோசியரும் வேண்டாம், கோவாக்காரரும் வேண்டாம். மோட்டாரோட கையேட்டுல, முழு வேகத்துல இத்தனையிலேருந்து இத்தனைக்குள்ள சுத்தணும்னு கம்பெனிக்காரன் போட்டிருப்பான். பெரும்பாலும் 5,000லேருந்து 6,000. ஒரு டாக்கோமீட்டரை மாட்டி, வழக்கமா ஏத்துற பாரத்தை அந்த ரெண்டாள் பங்காளியோட சேர்த்து ஏத்தி, முழுசாத் திருகிப் பாரு. அதுக்குக் கீழே நின்னா பிட்ச்சைக் குறை. ஒரு அங்குலம் குறைச்சா சுமார் 150லேருந்து 200 சுத்து கூடும். அந்த அளவையும் தாண்டி அலறினா பிட்ச்சைக் கூட்டு. வாங்குறதுக்கு முன்னால தண்டுல இருக்கிற பல்லை எண்ணிக்கோ. ஒரு கம்பெனி விசிறி இன்னொரு கம்பெனித் தண்டுல பெரும்பாலும் உட்காராது.

சீமையில பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்னு ஒரு விவசாயி இருந்தாரு. விசிறிக்கு மரத்துல திருகு செஞ்சு, 1837-ல பாடிங்டன் கால்வாயில படகு ஓட்டினாரு. போற வழியில முட்டித் திருகுல பாதி உடைஞ்சு போச்சு. படகு நின்னிருக்கணுமில்ல? முன்னைவிட வேகமாப் போச்சாம். உடைச்சுப் போட்டா உன்னுதும் ஓடும்னு நான் சொல்லல. பெரிசா மாட்டினா வேகம்னு நீ நம்புறே பாரு, அதை அந்தக் கால்வாய் அப்பவே தீர்த்து வச்சிருச்சு.

நீ படகு விடப்போற இந்தத் தாணே கழியைப் பத்தியும் கேட்டுக்கோ. நம்ம தூத்துக்குடிப் பக்கம் தண்ணி ஏறி வத்துறது ஒரு மீட்டருக்குள்ள முடிஞ்சிரும். இங்க அமாவாசை, பௌர்ணமிக்கு நாலு மீட்டருக்கு மேல ஏறி இறங்கும். காலையில நீ மிதந்து போன இடத்துல மத்தியானம் சேறுதான் கிடக்கும். படகு ஒருச்சாய்ஞ்சு நிக்கும், கப்பல்காரர் முழங்கால் சேத்துல நிப்பாரு, பூநாரைகள் வரிசையா நின்னு வேடிக்கை பார்க்கும். விசிறி சேத்துல உரசாம வீடு திரும்பின படகு இங்க அபூர்வம். அலுமினிய இலை எதுலயாவது அடிச்சா வளையும், தட்டி நிமிர்த்திக்கலாம். ஸ்டீல் லேசுல வளையாது, அந்த அடியைத் தண்டுக்கும் கியர் பெட்டிக்கும் அனுப்பிரும். கியர் பெட்டி விலை தெரிஞ்சா பிரியாணி தொண்டையில இறங்காது.

அப்புறம் இந்தக் கழி ரேஸ் விடுற இடமுமில்ல. 2015-ல இதோட ஒரு பகுதியைப் பூநாரைச் சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2022-ல ராம்சர் ஈரநிலப் பட்டியல்லயும் சேர்ந்துது. முதல்ல பதிவையும் அனுமதியையும் முடி. அதுக்கப்புறமும் மெல்லப் போயி மெல்லத் திரும்புற இடந்தான். மெல்லப் போற பாரப் படகுக்குச் சின்னப் பிட்ச்சும் நாலு இலையும் நல்லாப் பிடிக்கும். உச்ச வேகத்துல கொஞ்சம் போகும். போகட்டுமே, உன்னை எந்தக் கம்பெனி நேரத்துக்கு வரச் சொல்லுது?

கரைக்கு வந்ததும் விசிறியைக் கழட்டிப் பாரு. இந்தக் கழியில மீனைவிடப் பிளாஸ்டிக் பைதான் கூட மாட்டும். தண்டுல தூண்டில் நரம்பு சுத்தியிருந்தா அது ஆயில் சீலை அறுத்து உள்ள தண்ணி விட்டுரும். கியர் ஆயில் பால் நிறத்துல வந்தா தண்ணி உள்ள போயிருச்சுன்னு அர்த்தம். மோட்டார் அலறி, படகு நகராம நின்னா விசிறியோட நடுவுல இருக்கிற ரப்பர் புஷ் வழுக்குது, இல்லாட்டி ஷியர் பின் அறுந்திருக்கு. அதுக்கு ஒரு உபரி விசிறி, ரெண்டு மூணு பின், ஒரு பிளையர், ஒரு ஸ்பேனர் படகுல கிடக்கணும். துடுப்பும்தான். துடுப்பை மட்டும் யாரும் போட்டோ எடுத்து அனுப்பமாட்டேங்கிறீங்க.

உனக்கு 8 பிட்ச், அலுமினியம். நாலு இலை கிடைச்சா நாலு, இல்லாட்டி மூணு. அந்த ஸ்டீலைக் கடையிலயே திருப்பிக் கொடுத்துரு. பில் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லாதே. உன் பெண்டாட்டி பத்திரமா எடுத்து வச்சிருக்கா, கேட்டுட்டேன்.