சொந்தக் கணினி, இரவல் அதிகாரம்

கேள்வி: வீட்டு லினக்ஸ் கணினியில் பிராக்ஸி சர்வர் வைத்திருக்கிறேன். 8080-ஆம் போர்ட்டில் சமர்த்தாக ஓடுகிறது. 443-க்கு மாற்றினால் அனுமதி இல்லை என்கிறது. என் கணினியில் எனக்கே அனுமதி இல்லையா?
– ஒரு வாசகர், உத்திரமேரூர்

பதில்: இதைக் கேட்க உங்களுக்கு வேறு ஊரே கிடைக்கவில்லையா? உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைத் தேர்தல் கல்வெட்டைப் பாருங்கள். 35 வயது ஆகாதவர், 70-ஐத் தாண்டியவர், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரெல்லாம் குடத்துக்குள் போகாது, உள்ளூர்க்காரரே ஆனாலும்! லினக்ஸிலும் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகள் வழக்கமாக 'ரூட்' என்ற நிர்வாகிக் கணக்குக்கு மட்டுமே.

அதற்காக பிராக்ஸியையே ரூட்டாக ஓட்டாதீர்கள். அதில் ஓர் ஓட்டை விழுந்தால் மொத்தக் கணினியும் வந்தவன் கையில். 'செட்கேப்' கட்டளையால் 'கேப்_நெட்_பைண்ட்_சர்வீஸ்' என்ற ஒற்றை உரிமையை மட்டும் அந்த நிரலுக்குக் கொடுங்கள். நிரலை அப்டேட் செய்தால் அது பறிபோகலாம். மறுபடி கொடுக்க வேண்டியதுதான்.

பிராக்ஸியைக் கடவுச்சொல் போடாமல் இணையத்துக்குத் திறந்து வைத்துவிடாதீர்கள். எவனோ செய்த வம்புக்குப் போலீஸ் உங்கள் ஐ.பி. முகவரியைத் தேடி வரும். அப்புறம் உங்களை வெளியே எடுக்க ரூட்டாலும் முடியாது, வக்கீல்தான் வேண்டும்.