நந்தினிக்குக் கல்வெட்டு எங்கடா தம்பி?

வா தம்பி, உக்காரு. சோழர் வரலாத்துல நீ பெரிய பண்டிதனாமே? மாம்பலம் பூரா அதே பேச்சு. 2022 செப்டம்பர்ல மணிரத்னத்தோட 'பொன்னியின் செல்வன்' படம் முதல் பாகம் பாத்த. 2023 ஏப்ரல்ல ரெண்டாவது. ரெண்டும் சேத்து அஞ்சரை மணி நேரம். பட்டம் வாங்கியாச்சு!

நாங்க மக்குப் பசங்கப்பா. எங்கப்பாரு காலத்துல கல்கி எழுதுன இந்தக் கதை, அவரோட கல்கி பத்திரிகையில வாராவாரம் வந்துது. 1950-ல ஆரம்பிச்சு 54-ல முடிஞ்சுது. வந்தியத்தேவன் சுரங்கத்துல மாட்டிக்கிட்டான்னா, அடுத்த இதழ் வர்ற வரைக்கும் அங்கயே கெடப்பான். ஊரே கூடக் கெடக்கும். வந்த பக்கத்த மணியம் வரைஞ்ச படத்தோட கிழிச்சுச் சேத்து, பைண்டு பண்ணி, பொண்ணுக்குச் சீரா குடுத்தனுப்புவாங்க. நீ வசனத்தையே ஒன்னரை வேகத்துல ஓடவிட்டுக் கேக்குறவன். உனக்கு என்னாத்தச் சொல்ல?

கூடத்து அலமாரியில புத்தகம் அஞ்சு பாகமும் வச்சிருக்க, பாத்தேன். மேல சுத்துன பிளாஸ்டிக்கக்கூட பிரிக்கல. கேட்டா "கலெக்டர்ஸ் எடிஷன் தாத்தா"ங்குற. பிரிச்சா ராசராசன் படையெடுத்து வந்துடுவானா? உங்க வீட்டுப் பொம்பளைங்க குந்தவை நெத்திச்சுட்டி தேடி பாண்டி பஜாரையே பொரட்டிட்டாங்க. அதுக்கும் புத்தகம் தேவைப்படல.

இதுல கோவம் வேற. "படத்துல வரலாத்தையே மாத்திப்புட்டாங்க"ன்னு குதிக்கிற. எந்த வரலாத்த? நான் காட்டுமன்னார்கோயில் பக்கத்தாளு. எங்க உடையார்குடிக் கோயில் கல்வெட்டுல சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனக் கொன்ன துரோகிங்க பேரு இருக்கு. ரவிதாசன் இருக்கான், அவன் அண்ணன் தம்பி இருக்காங்க, அவங்ககிட்டப் பறிச்ச நிலத்துக் கணக்கு இருக்கு. வந்தியத்தேவனுக்குத் தஞ்சாவூர்ல சாட்சி இருக்கு, குந்தவையோட வீட்டுக்காரர்னு. கதையில வர்ற நந்தினி மட்டும் எங்கயும் காணோம். அவ கல்கி மண்டையில பொறந்தவ. அவளுக்காகச் சண்டை போட்டு நீ சிநேகிதன்கிட்ட மூணு மாசம் பேசல பாரு, அங்கதான் கல்கி ஜெயிச்சாரு. ஆனா அத வரலாறுன்னு சொல்லாதடா.

பழைய இலக்கியம் கஷ்டம்னும் சொல்லுவ. ஓலையில செல்லரிச்சுக் கெடந்த சிலப்பதிகாரத்த 1892-ல உ.வே.சா. அச்சுல ஏத்துனாரு. அவர் பேர்ல பெசன்ட் நகர்ல நூல் நிலையமே இருக்கு. நீ அந்தப் பக்கம் போறது பீச்சு பஜ்ஜிக்குத்தான?

சரி, மூஞ்சியத் தூக்காத. படம் பாரு, வேணாங்கல. 1999-ல நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வுல இதையே நாடகமாப் போட்டாங்க. மண்ணுல உக்காந்து பாத்தவன்தான் நானும். பாத்துட்டு வந்து படிச்சவன் கெட்டா போயிட்டான்? மைலாப்பூர் லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில முதல் பாகம் ஒன்னு எடு. கல்கி எழுத்த அரசாங்கம் நாட்டுடைமையாக்கி வருசம் எத்தனையோ ஆச்சு. யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம், வெலையச் சாக்கு சொல்லாத.

மொத அத்தியாயத்துல ஆடிப்பெருக்கன்னிக்கு ஒருத்தன் குதிரையில வர்றான் பாரு, எங்க ஊரு வீராணம் ஏரிக்கரையிலதான் வர்றான். 2004-லேருந்து மெட்ராசு குடிக்கிறதுல அந்த ஏரித் தண்ணியும் உண்டு.