பொய்க்கணக்கு எழுதிப் பதக்கம் வாங்கியவர்கள்

1941-ல் லிஸ்பன் நகரில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஸ்பெயின்காரர் இங்கிலாந்தைப் பற்றி ஜெர்மானியருக்கு ரகசிய அறிக்கைகள் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் ஹுவான் புஜோல். இங்கிலாந்து மண்ணை அவர் அதுவரை மிதித்ததே இல்லை. ஒரு சுற்றுலாக் கையேடு, ஒரு ரயில் அட்டவணை, ஒரு வரைபடம், மிச்சத்துக்குக் கற்பனை. கிளாஸ்கோ ஆசாமிகள் ஒரு லிட்டர் ஒயின் கிடைத்தால் எதையும் கக்கிவிடுவார்கள் என்று எழுதினார். விஸ்கி ஊரில் ஒயினாம்! பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் செலவுப் பட்டியலைக் கூட்டாமலே அனுப்பிவைத்தார். நம்மூர் தாலுகா ஆபீஸாக இருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பார். ஜெர்மானியர்கள் பணம் அனுப்பினார்கள்.

மறுவருஷம் இவரைப் பிரிட்டன் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. இல்லாத 27 உளவாளிகளை வைத்து அங்கே குடும்பம் நடத்தினார். லிவர்பூல் ஆள் ஒருவர் தொல்லையாகிப் போகவே, அவரைச் சாகடித்தார்; பத்திரிகையில் இரங்கல் விளம்பரமும் வந்தது. பிறக்காத மனிதரின் விதவைக்கு ஜெர்மனி பென்ஷன் கொடுத்தது. 1944-ல் ஹிட்லர் தரப்பு இரும்புச் சிலுவை கொடுக்க, பிரிட்டன் எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. இரண்டு மாப்பிள்ளை வீட்டிலும் விருந்து சாப்பிட்ட தரகர்!

இந்த மாதிரி போர்ச்சுகல் கோல்மால்களெல்லாம் தெரிந்த ஒருவர் லண்டன் உளவுத்துறையில் வேலை பார்த்தார்: எழுத்தாளர் கிரஹாம் கிரீன். அவருடைய மேலதிகாரி கிம் ஃபில்பி, மாஸ்கோவுக்கும் ரகசியமாக வேலை பார்த்த மகானுபாவர். இப்படியொரு ஆபீஸில் குப்பை கொட்டியவர் நகைச்சுவை எழுதாமல் வேறென்ன எழுதுவார்?

அப்படிப் பிறந்த ‘அவர் மேன் இன் ஹவானா’வை 1959-ல் கரோல் ரீட் படமாக்கினார். ஒற்றர் படங்களில் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அலெக் கின்னஸ் ஹவானாவில் வாக்யூம் கிளீனர் விற்கிறார். மகளோ குதிரை வேண்டும் என்கிற ரகம். கொளுத்தும் வெயிலில் கறுப்பு சூட், தொப்பி, குடை சகிதம் தெருத்தெருவாக வருகிறார் நோயல் கவர்ட். பாட்டுக்காரர் கூட்டம் பின்னாலேயே வருகிறது. இவர் ரகசிய அதிகாரியாம்! கின்னஸை மதுக்கடைக் கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் வேலைக்குச் சேர்க்கிறார். கின்னஸ் கிளப் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயர்களைப் பொறுக்கி ‘ஆள்’ சேர்க்கிறார். வாக்யூம் கிளீனர் பாகங்களைப் பெரிதாக வரைந்து, மலையில் கட்டும் பயங்கர ஆயுதம் என்று அனுப்புகிறார். லண்டன் பெரிய தலைகள் அந்தப் படத்தை உற்றுப் பார்க்கும் காட்சிக்கே டிக்கெட் காசு செரித்துவிடும்.

படம் எடுக்கப் போன நேரத்தையும் பாருங்கள். அந்த ஜனவரி முதல் தேதிதான் கியூபாவின் சர்வாதிகாரி பாடிஸ்டா ஊரைவிட்டு ஓடியிருந்தார். காஸ்ட்ரோ படப்பிடிப்பைப் பார்க்க நேரில் வந்தார். பழைய ஆட்சியின் கொடுமையைப் போதுமான அளவு காட்டவில்லை என்பது புது ஆட்சியின் குறை. மூன்று வருஷம் கழித்து, 1962 அக்டோபரில், கியூபாவில் நிஜமாகவே ஏவுகணைத் தளம் கட்டியிருக்கிறார்கள் என்று அமெரிக்க விமானம் படம்பிடித்து வந்தது. வாக்யூம் கிளீனர் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார்களா, தெரியாது.

1967-ன் ‘கஸினோ ராயல்’ வேறு ஜாதி. ஐந்து இயக்குநர்கள், ஏகப்பட்ட ஜேம்ஸ் பாண்டுகள், கதை மட்டும் வரவில்லை. பீட்டர் செல்லர்ஸுக்கும் ஆர்சன் வெல்ஸுக்கும் முகம்கொடுத்துப் பேச்சில்லை. ஒரே மேஜையில் சீட்டாடும் காட்சியை ஆளுக்கொரு நாளாக எடுத்தார்கள். செல்லர்ஸ் பாதியில் நடையைக் கட்டினார். ஜுரம் வந்த நாளில் பார்க்கலாம், வித்தியாசம் தெரியாது.

மனசுக்கு நெருக்கம் என்றால் 1963-ன் ‘ஷரேட்’தான். பாரிஸ், ஆட்ரி ஹெப்பர்ன், கேரி கிராண்ட். அறுபதை நெருங்கிய கிராண்டுக்கு, முப்பதைத் தாண்டிய பெண்ணைத் துரத்தக் கூச்சம். அதனால் அந்தப் பெண்ணே துரத்துவதாகக் கதையை மாற்றினார்கள். நம் கதாநாயகர்கள் யாருக்கும் இதுவரை வராத கூச்சம்! புருஷனின் சவப்பெட்டி முன் ஹெப்பர்ன் உட்கார்ந்திருக்க, துக்கம் விசாரிக்க மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் தும்முகிறார். ஒருவர் பிணத்தின் மூக்கடியில் கண்ணாடி பிடிக்கிறார். மூன்றாமவர் குண்டூசியால் குத்திப் பார்க்கிறார். செத்துவிட்டானா என்று அவர்களுக்கு ரசீது வேண்டும். இரண்டரை லட்சம் டாலர் பாக்கி இருக்கிறதே! அந்தச் சொத்து படம் முழுக்க எல்லார் கண்ணெதிரிலும் கிடக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கே என்று சொன்னால் எனக்குப் பாவம் சேரும்.

கண்ணெதிரில் இருந்ததைக் கம்பெனியும் பார்க்கவில்லை. படத்தின் தலைப்பில் வருஷம் போட்டார்கள், கம்பெனி பெயர் போட்டார்கள், சகல உரிமையும் எங்களுக்கே என்றும் போட்டார்கள். ‘காப்பிரைட்’ என்கிற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ரிலீசான அன்றே படம் ஊர்ச்சொத்து. அங்கே யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள், அதில் பாதி மழை பெய்கிற பிரதி. கொஞ்சம் தேடி நல்ல பிரதியாகப் பாருங்கள். ஹெப்பர்ன் உடுத்துகிற உடைகளுக்காகவாவது.