ஐம்பது ஆண்டு அதிகமா?

கேள்வி: ஐம்பது ஆண்டுகளாக ஒரு சோதனையில்கூடத் தேறாத, துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வுகளாகக் காணும் இழைக் கோட்பாட்டுக்கு இன்னும் எதற்கு இத்தனை மரியாதை?

பதில்: ஈர்ப்பலைகள் உண்டு என்று ஐன்ஸ்டைன் எழுதியது 1916இல், அவை கருவியில் சிக்கியது 2015இல். 99 ஆண்டுகள் பொறுத்த இயற்பியலுக்கு ஐம்பது அதிகமா? “அவர் எதைத் தேடுவது என்று தெளிவாகச் சொன்னார், இழைக் கோட்பாடோ 10இன் 500ஆம் அடுக்கு அளவுக்குப் பிரபஞ்சங்களை அனுமதிக்கிறதே” என்பீர்கள். நியாயமான ஆட்சேபம். இழைக் கோட்பாட்டாளர் பலர் எதிர்பார்த்த, அறிந்த துகள்களின் இணைகளான மீச்சீர்மைத் துகள்களும் ஜெனீவாவின் ராட்சத மோதுவியில் இதுவரை தென்படவில்லை. ஆனாலும் 1996இல் ஸ்ட்ராமிஞ்சரும் வஃபாவும் ஒருவகைக் கருந்துளையின் என்ட்ரோபியை, அதாவது ஒழுங்கின்மையின் அளவை, இழைக் கோட்பாட்டின் வழியே எண்ணிக் கணக்கிட்டபோது, 1970களில் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் முற்றிலும் வேறு பாதையில் கண்ட அதே சூத்திரம் வந்து நின்றது. தற்செயல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. குவாண்டமும் ஈர்ப்பும் முரணின்றி ஒரே கணிதத்தில் அடங்கும் என்பதற்கு இது வலுவான அறிகுறி. நம் பிரபஞ்சம் அப்படித்தான் இயங்குகிறது என்பதற்கு நிரூபணம் அல்ல.

இப்படி இணைக்கும் முயற்சி முன்பும் பலன் தந்ததுண்டு: மின்சாரம், காந்தம், ஒளி மூன்றையும் மேக்ஸ்வெல் 1865இல் ஒரே கோட்பாட்டில் இணைத்ததன் பலன்தான் வானொலி. இறுதித் தீர்ப்பைச் சோதனையே சொல்லட்டும். அதுவரை தேடலை நிறுத்தச் சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை.