கிழங்கு மூட்டை ஹெர்குலிஸ்

ஹெர்குலிஸ் என்றதும் உங்களுக்கு சைக்கிள்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. 1589-ல் ஹார்லெம் நகரத்தில் ஹென்ட்ரிக் கோல்ட்ஸியஸ் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸைப் பார்த்தால், சைக்கிளே பரவாயில்லை என்பீர்கள்.

சிக்ஸ்பேக்கோடு நிறுத்த மனசு வரவில்லை மனிதருக்கு. தசைக்கு மேல் தசை, அதற்கும் இடுக்கில் இன்னொரு தசை. உடற்கூறு டாக்டர்களே பெயர் வைக்காத இடத்திலெல்லாம் புடைப்பு. உள்ளூர்க்காரர்கள் வாய் பிளந்து 'மாவீரன்' என்றிருக்க வேண்டாமா? படத்துக்கு டச்சு மொழியில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'க்னொல்லன்மன்'. கிழங்கு மனிதன்!

கையில் கொம்பு வைத்திருக்கிறாரே, அது அகெலோஸ் என்ற ஆற்று தெய்வத்துடையது. டெயனீரா என்ற பெண்ணை யார் கட்டுவது என்று இருவருக்கும் தகராறு. அகெலோஸ் காளையாக மாறிப் பாய, நம்மாள் அடக்கினார். ஏறு தழுவிப் பெண் எடுப்பது நமக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் நம் பையன்கள் கொம்பை ஒடித்துக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

கோல்ட்ஸியஸ் குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்து, வலது கை விரல்கள் சுருண்டு போனவர். 1588-ல் அந்தக் கோணல் கையையே பேனாவால் அட்டகாசமாக வரைந்தார். அடுத்த வருஷம் இந்தக் கிழங்கு மூட்டை. தனக்கு நிமிராத விரல்களுக்கெல்லாம் ஹீரோவிடம் வட்டியோடு வசூல் செய்துவிட்டார் போல.

ஹெர்குலிஸைச் செதுக்குவதில் அவருக்கு முன்னோடி ஜெர்மன் ஓவியர் ட்யூரர், 1498 வாக்கில். அவருடைய ஹெர்குலிஸ் தலைக்கவசத்தில் ஒரு சேவல். எதிரே ஒரு பெண் தடியை ஓங்கி இன்னொருத்தியை வெளுக்கப் போகிறாள். ஒரு மரக்கட்டையைப் பிடித்தபடி ஹெர்குலிஸ். தடுக்கிறாரா, அடிக்கு ஒத்தாசை செய்கிறாரா? அறிஞர்கள் இன்றுவரை பஞ்சாயத்து பேசுகிறார்கள். சேவல் மட்டும் தெளிவாக இருக்கிறது.

பிறகு கோல்ட்ஸியஸ் ரோம் போனார். அங்கே ஃபர்னேஸ் குடும்பத்தார் வீட்டில் ராட்சத ஹெர்குலிஸ் சிலை, 1546-ல் காரகல்லா குளியல் மண்டபத்தில் தோண்டி எடுத்தது. கிடைத்தபோது கால் இல்லை. டெல்லா போர்ட்டா என்ற சிற்பி புதுக் கால் செய்து மாட்டினார். அப்புறம் ஒரிஜினல் கால் கிடைத்தது. 'இருக்கட்டும், புதுசே நல்லா இருக்கு' என்று விட்டுவிட்டார்கள்! உலகப் பலசாலி இருநூறு வருஷத்துக்கு மேல் ஸ்பேர் பார்ட்ஸில் நின்றார்.

கோல்ட்ஸியஸ் அதை முதுகுப் பக்கமிருந்து வரைந்தார். ஹீரோ களைத்துப்போய்க் கதாயுதத்தில் சாய்ந்திருக்கிறார். பின்னால் மறைத்த கையில் ஹெஸ்பெரிடிஸ் தோட்டத்து ஆப்பிள்கள். அதையும் அவரா பறித்தார்? வானத்தைச் சுமக்கும் அட்லஸை அனுப்பிவிட்டு, அதுவரை சுமையைத் தான் தாங்கினார். திரும்பி வந்த அட்லஸ், 'நீயே வைத்துக்கொள்' என்று நழுவப் பார்க்க, 'சரிண்ணே, சும்மாடு கட்டிக்கிறேன், ஒரு நிமிஷம் பிடிங்க' என்றார் நம்மாள். அட்லஸ் பிடித்தார். ஹெர்குலிஸ் ஆப்பிளோடு எஸ்கேப். இத்தனை தசையும் சும்மா, காரியத்துக்கு உதவியது சும்மாடு!

கோல்ட்ஸியஸ் இறந்த 1617-ல்தான் அந்தப் படம் வெளியானது. அதில் சிலைக்கு முன்பக்கம், கீழே, இரண்டு பேர் அண்ணாந்து பார்த்து நிற்கிறார்கள். பின்னால் ஒளித்த ஆப்பிள் அவர்களுக்கு இன்னும் தெரியாது.